மாவு மில்லும் ராக் பாட்டும்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் மாவு மில் நடத்துகிறேன். பக்கத்து குடோனில் ஒரு ராக் பேண்ட் ஆல்பம் பதிவு செய்தது. கடைசி நாளன்று, அவர்கள் முடிக்கும்வரை மில்லை ஓட்டமாட்டேன் என்று சொல்லியிருந்தும், மறதியாக சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

பாட்டு நின்றது. டிரம்ஸ் வாசிக்கும் பெண் ஓடி வந்தாள். பதறி நிறுத்தினேன்.

"தப்பு என்னுதுதாம்மா, திட்டிடு."

"இன்னாக்கா நிறுத்திட்ட? இந்த சத்தத்துக்குத்தான் ஒரு வாரமா மண்டைய ஒடச்சிக்கினு கீறோம். போடுக்கா!"

மில்லருகே மைக்கை வைத்து, என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வாசிக்கக் குடோனுக்கு ஓடினாள். சுவிட்சைப் போட்டு அரிசியைக் கொட்டினேன். வெறுமனே சுற்றிய கல்லின் சத்தம், அரிசி விழுந்ததும் கனத்தது. அந்த நொடியில் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்தன. இந்த மில் இரைச்சலுக்காக அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டே பழகியவள் நான்.

மறுநாள் அவர்கள் குடோனைக் காலி செய்தார்கள். நான் மிளகாய் அரைத்தேன்.