மூன்றாம் பார்வையாளரின் இடப்பக்கம்

என் ஆய்வுக் கட்டுரையைப் பரிசீலித்தவர் பதினொரு கேள்விகள் அனுப்பியிருந்தார். பத்துக்கு ஒரே நாளில் பதில் எழுதிவிட்டேன். இரண்டுக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன், என் சுபாவம் அப்படி. பதினொன்றாவதுதான் மூன்று வாரமாகக் கிடந்தது. மூன்றாம் பார்வையாளரின் முடிவுகளில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன், பிற்பாதியில் அது ஏன் கூடிக்கொண்டே போகிறது, காரணம் தெரியுமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்குக் காரணம் தெரியும்.

மூன்றாம் பார்வையாளர் என் அக்கா.

விண்மீன் திரள்கள் எப்படி உருவாகி வளர்ந்தன என்பதைப் பார்ப்பது என் வேலை. ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தனவா, இல்லை சுற்றியிருக்கும் வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு தன்பாட்டில் வளர்ந்தனவா என்பது எங்கள் துறையில் பழைய சண்டை. இரண்டு திரள்கள் நெருங்கி மோதினால் ஓரத்து விண்மீன்கள் வால் போல வெளியே இழுபடும். அந்த வால் மிகவும் மங்கலாக இருக்கும். எத்தனை திரள்களுக்கு வால் இருக்கிறது என்று எண்ணிவிட்டால் சண்டையில் நாமும் ஒரு பக்கம் நின்று பேசலாம். எண்ணுகிற வேலையைக் கணினிக்குக் கற்றுத்தரலாம். ஆனால் அதற்கு முதலில் மனிதக் கண் பார்த்துச் சொன்ன படங்கள் சில ஆயிரமாவது வேண்டும்.

அதற்காக மூன்று கல்லூரி மாணவர்களை உட்கார வைத்திருந்தேன். ஒருவன் இரண்டே வாரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் தொம்மலூரில் என் வீட்டில் அக்காவும் மாமாவும் சாப்பிட வந்திருந்தார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. ஓடிப்போனவனைத் திட்டியபடி நான் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்குப் பின்னால் கை துடைத்துக்கொண்டு நின்ற அக்கா திரையில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"இங்க நூல் தொங்குது பாரு. இதை எவன் பாஸ் பண்ணான்?"

அங்கே எதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தின் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தால் மங்கலாக ஒரு வால். மாணவர்கள் பார்த்து "சாதாரணம்" என்று தள்ளிய படம் அது. நானும் பார்த்துத் தலையாட்டியிருந்தேன்.

அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டு ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு சட்டை கம்பெனியில் சேர்ந்தவள். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே செக்கிங். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து காலர், கஃப், பொத்தான், தையல் என்று ஒரு சுற்று பார்த்துத் தள்ள வேண்டும். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அதை அவளும் சொல்லிக்காட்டியதில்லை, நானும் வாயைத் திறந்து நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசிக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

அன்று முதல் ஞாயிறு மதியங்களில் என் சாப்பாட்டு மேசையில் அவள் மூன்றாம் பார்வையாளர் ஆனாள். சாப்பிட்டதும் மேசையைத் துடைத்து, லேப்டாப்பை வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். வாலுக்கு அவள் வைத்த பெயர் நூல். உருண்டையாக, அப்பழுக்கில்லாமல் இருந்தால் "நல்ல பீஸ்". கோடிக்கணக்கான விண்மீன்கள் உள்ள திரளைப் பார்த்து "இது ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்பாள். மாணவர்களை அவள் பின்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். சில வாரங்களில் எங்கள் குறிப்புகளிலேயே வால் என்ற சொல் போய் நூல் வந்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு படத்தைப் பார்வையாளருக்கு ஒரு தடவை மட்டும் காட்டமாட்டோம். சில வாரம் கழித்து அதையே திருப்பி, கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றி, மறுபடி காட்டுவோம். வானத்தில் இடது வலது என்று எதுவும் கிடையாது. ஆகவே ஒருவர் வலப்பக்கத்து வாலைப் பிடித்து இடப்பக்கத்து வாலைத் தவறவிட்டால், குறை வானத்தில் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. இதற்கு நாங்கள் சாய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். அதை அளந்து கடைசியில் கணக்கில் சரிசெய்வோம்.

மழை பிடித்துக்கொண்ட சமயம் என் மாணவி ஒரு வரைபடத்தோடு வந்தாள். மூன்றாம் பார்வையாளருக்கு இடப்பக்கச் சாய்வு வந்திருக்கிறது, போன மாதம் வரை இல்லை என்றாள். நான் பார்த்தேன். ஒரே திரள், வால் வலப்பக்கம் இருந்தபோது அக்கா "நூல்" என்று குறித்திருக்கிறாள். இடப்பக்கம் மாற்றிக் காட்டியபோது "நல்ல பீஸ்" என்று தள்ளியிருக்கிறாள். மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல், வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று உடனே சொன்னேன். எனக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரமே ஆகாது. அப்படியானால் அவங்ககிட்ட சொல்லி ஜன்னலுக்குத் திரைச்சீலை போடலாமா என்று மாணவி கேட்டாள்.

கூடாது என்றேன். பார்ப்பவரிடம் அவருடைய சாய்வைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் அதைச் சரிக்கட்டப் பார்ப்பார், பிறகு எது கண் எது மனம் என்று பிரிக்க முடியாது. பாதியில் ஏற்பாட்டை மாற்றினால் முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் ஒட்டாது. அப்படியே விடு, கடைசியில் திருத்திக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். விதி சரியான விதிதான். இன்றைக்கும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அந்த மாதங்களில் அக்கா என் வீட்டுக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். கதவு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு என்று கேலி செய்தேன். ஒருநாள் வலது காதில் மட்டும் கம்மலோடு வந்தாள். புது ஃபேஷனா என்றேன். காதைத் தடவிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும். சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு கம்பெனியில் அவள் பாஸ் பண்ணிய சட்டைகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் திட்டி, அவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். இருபது வருஷத்தில் அவளுக்கு நடக்காத அவமானம். என் மேசையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவளைவிட அந்த சூப்பர்வைசர் மேல்தான் கவனம், பொரிந்து தள்ளினேன். கண்ணாடி மாற்று என்றேன். மாற்றினாள். கடையில் எழுத்தெல்லாம் சரியாகப் படித்தாளாம். திரும்பி வந்த சட்டைகளில் பிழை எந்தப் பக்கம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறவள் நான்.

டிசம்பரில் பேக்கிங் மேசைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலப்பக்கம் ஒரு கட்டி. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும், அப்படி விடுபடுவது அவர்களுக்கே தெரியாது என்று டாக்டர் விளக்கினார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். ஐ.டி. கம்பெனி கேப் ஓட்டும் மாமா, ஒரு ரெண்டு மாசமா இடிச்சிக்கிறா சார் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பையில் இருந்த லேப்டாப்பில் வாரவாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தது. ஏழு மாதம் என்று என் வாயில் வரவில்லை.

முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று தனியாகப் போய்க் கேட்டேன். இந்த மாதிரிக் கட்டியில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலோடுதான் நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாலு மாதம் இருந்தாள். ஒருநாள் மதியம் அவளுக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் நாற்காலி போட்டுத்தான் உட்காருவேன், இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. திடீரென்று கேட்டாள்.

"நான் பார்த்த படமெல்லாம் சரியா இருந்துச்சாடி?"

"எல்லாம் சரி அக்கா. பசங்களைவிட நீதான் நல்லா பார்த்திருக்க."

"அப்போ சட்டையிலதான் கோட்டை விட்டுட்டேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் சுளையைக் கொடுத்தேன். பொய் சொன்னதற்காக எனக்கு வருத்தமில்லை. அதற்கு முன்னால் ஏழு மாதம் ஒரு உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்குத்தான் வருத்தம்.

அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பழக்கத்தில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அதிகம் பேசமாட்டார். போன மாதம் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே, அவ பார்த்ததெல்லாம் புஸ்தகத்தில் வருதாம்மா என்று கேட்டார். வருகிறது மாமா என்று சொல்லி முடித்திருக்கலாம். பதினொன்றாவது கேள்வி நெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் என்னால் முடியவில்லை. லேப்டாப்பை எடுத்து அந்த வரைபடத்தைக் காட்டினேன். கீழே இருப்பது வாரங்கள், மேலே போகப் போக அக்கா இடப்பக்கம் தவறவிட்டவை அதிகம் என்று சொன்னேன். விதியையும் சொன்னேன். ஏன் அவளிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

கோடு மேலே ஏற ஆரம்பிக்கும் இடத்தில், சாப்பிடாத கையின் விரலை வைத்தார். இது எந்த வாரம் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த வாரந்தான் சிவாஜிநகர் போயிருந்தோம். லெஃப்ட்ல ஆட்டோ வர்றது தெரியாம ரோட்ல எறங்கிட்டா. கண்ணு எங்கடி வெச்சிருக்கன்னு திட்டினேன்."

விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"அப்போ நீதாம்மா மொதல்ல பார்த்திருக்க."

"ஆமா மாமா."

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

குரலை உயர்த்தவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், தட்டைத் தானே கழுவி வைத்தார், வண்டி எடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் மூவருக்குச் சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூவருக்கு என்பதே அப்புறம்தான் உறைத்தது.

நேற்று லேப்டாப்பைத் திறந்தேன். சாய்வு தொடங்கிய வாரத்துக்குப் பிறகு அக்கா பார்த்த படங்கள் அத்தனையையும் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தேன். திரள்கள் எவ்வளவு மோதி வளர்ந்தன, எவ்வளவு தன்பாட்டில் வளர்ந்தன என்ற விடை அப்படியே இருந்தது. ஒரு இம்மிகூட நகரவில்லை. அந்த ஏழு மாதப் படங்கள் கெட்டுவிடக் கூடாதென்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவை இல்லாமலே கட்டுரை நிற்கிறது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

பிறகு பதினொன்றாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பார்வையாளர் நோயுற்றிருந்தார், அந்தக் காலத்துப் படங்களை நீக்கிவிட்டோம், முடிவில் மாற்றமில்லை என்று எழுதினேன். "அவருடைய பார்வை மாறியதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தேன். "கவனித்தோம், அவரிடம் சொல்லவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.