தந்தி கொடுக்காமல் நடந்த பகல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சரக்குக் கப்பலின் எந்திர அறையில் வேலை செய்தேன். இத்தாலியில், ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது ஜமுனாமரத்தூரிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. அப்பா இறந்து பத்து நாளாகியிருந்தது.

"நீ வந்தாத்தான் பதினாறாம் நாள் காரியம்னு அம்மா சொல்லுது. அதுவரைக்கும் தாலியக் கழட்ட மாட்டேன்னு குந்தினு இருக்குது. வர்றியா இல்லியான்னு தந்தி குடுண்ணா."

போக வழியில்லை. மாற்றாள் வர இரண்டு மாதமாகும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஒரு பகல் லீவு கொடுத்தார். தந்தி ஆபீஸ் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் உள்ளே போகவில்லை. தந்தி போய்ச் சேரும்வரை அம்மா கழுத்தில் தாலி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என்ன கணக்கோ.

பழைய நகரத்துக்குள் நடந்தேன். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள். மேலே கயிற்றில் துணிகள். கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு மாதாகோயில், வாசலில் கல் சிங்கங்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மனசு கட்டையாகக் கிடந்தது. ஊரே படிக்கட்டு. கூட வேலை செய்பவர்கள் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். மலையில் பிறந்த காலுக்கு அதெல்லாம் ஒன்றுமேயில்லை. அப்பா செத்த சேதி தெரிந்த பிறகும் நன்றாகத்தான் நடந்தது, வெட்கங்கெட்ட கால்.

மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் கடற்கரைக்குப் போனேன். மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். அதன்மேல் துண்டு விரித்து ஒருத்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அழலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. கல் குத்தியது, எழுந்துவிட்டேன்.

ஆபீஸ் சாத்தும் நேரத்துக்குப் போய், வர முடியாது, காரியத்தை முடியுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் சிரித்தபடி முத்திரை குத்தினாள். அம்மாவின் தாலியை நானே அறுத்ததாகத்தான் தோன்றியது.

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். அவளுக்காகத்தான் அந்த ஒரு பகல் தந்தியைத் தள்ளிப்போட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏதோ நல்லது செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ வருவியா வர மாட்டியான்னு ரோட்டையே பாத்துனு இருந்தேன்டா. பஸ் சத்தம் கேட்டா எழுந்து எழுந்து ஓடுவேன். அழக்கூட முடில. தந்தி வந்த அன்னிக்குத்தான் உங்கப்பாவ நெனச்சு அழுதேன். ஒரு நாள் முன்னாடியே குடுத்திருக்கலாமேடா."