ஃபயர்வாலை அணைத்த பொறியாளர்

இன்று முற்பகல், துறைமுகச் சாலையிலுள்ள ஒரு சரக்கு முகவரின் அலுவலகத்துக்குக் கணினிப் பழுது பார்க்கச் சென்றிருந்தேன். அவர்களுடைய பொறியாளர் சர்வரில் புதிய மென்பொருள் ஒன்றைக் கண்டெய்னர் என்னும் தனி மென்பொருள் அடைப்புக்குள் நிறுவியிருந்தார். மூன்று நாள்களாக எந்தக் கணினியிலும் அது திறக்கவில்லை.

“ஃபயர்வால்தான் மறிக்குன்னு அன்னைக்கே அணைச்சுட்டேன் மேடம். அப்பவும் வர மாட்டேங்கு,” என்றார் அவர், சற்றும் கூசாமல்.

அதே சர்வரில்தான் இறக்குமதியாளர்களின் ஆவணங்கள் அனைத்தும் உள்ளன. மூன்று நாள்களாக அவை ஃபயர்வால் என்னும் காவலின்றி இணையத்தில் கிடந்திருக்கின்றன.

பிழை ஃபயர்வாலில் இல்லை. கண்டெய்னருக்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்காதபடி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினேன். ஃபயர்வாலை இயக்கி, தேவையான ஒரு போர்ட்டை, அதாவது இணைப்பு வாயிலை, மட்டும் அனுமதித்து, கண்டெய்னரை மறுபடி தொடங்கினேன். மென்பொருள் திறந்தது.

உரிமையாளர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “ஒத்த வரிதானா? எங்கன படிச்சம்மா?”

“நானே படிச்சது அண்ணாச்சி.”

“அதான பாத்தேன். இவன் இஞ்சினியருல்லா, காரணம் இல்லாமலா அணைச்சிருப்பான்? ஏலே, அதை அணைச்சே வச்சிரு.”

“ஒரு லாரி உள்ள வரலன்னு துறைமுகத்து கேட்டையே கழட்டிப் போடுவாகளா அண்ணாச்சி?”

“அது துறைமுகம்லா,” என்றார்.

நான் இயக்கிய ஃபயர்வாலைப் பட்டம் பெற்ற கை என் கண்ணெதிரிலேயே மறுபடி அணைத்துவிட்டது.

உங்களில் எவருடைய சரக்கேனும் அந்த அலுவலகத்தின் வழியே வருகிறதா? ஆவணத்தின் நகல் தேவைப்பட்டால் அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. உலகில் எவரிடமும் கேட்டுப் பெறலாம்.