கன்னிப்பெட்டி தொங்கிய வீடு

தென்காசியில் ஒரு வீடு மூன்று வருஷம் விலை போகாமல் கிடந்தால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. அதுவும் கூலக்கடை பஜாரில், முன்னால் கடையும் பின்னால் குடியிருப்புமாக அமைந்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வாங்க வந்தவர்கள் உள்ளறை வரைக்கும் போவார்கள், தென்மேற்கு மூலையை அண்ணாந்து பார்ப்பார்கள், “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று திரும்பிவிடுவார்கள். ஜவுளி வியாபாரி மசூது மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், கடைவாசலைச் சாணால் அளந்தார், அதோடு சரி. அப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால்தான் உலகத்தில் வீடுகள் கைமாறுகின்றன.

விற்றவர் நவதானியக் கடை குத்தாலிங்கம். குடும்பத்தோடு மதுரைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். பத்திரம் பதிந்து முடித்துச் சாவியைக் கொடுக்கும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

“உள்ளறை மூலையில ஒரு ஓலைப்பெட்டி தொங்குது பாய். அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும். அவுக்கவும் வேண்டாம், தொறக்கவும் வேண்டாம்.”

“ஒரு பெட்டியால எனக்கு என்ன எடஞ்சல்? கெடந்துட்டுப் போட்டும்” என்றார் மசூது.

இது 1956இல். மசூதின் மனைவி ஷரீபுன்னிசா கடையநல்லூர்க்காரி, நெசவாளி வீட்டுப் பெண். தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு பஜார் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. விடியும்போதே வண்டிமாடுகளின் மணிச்சத்தம், மூட்டை இறக்குகிறவர்களின் கூப்பாடு, பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் சுக்கு இடிக்கிற சத்தம். பொதுச்சுவர் ஆனதால் அந்த இடி அவள் அடுக்களைப் பாத்திரத்தில் அதிரும். ஒரே மகள் நூருன்னிசாவுக்கு அப்போது பத்து வயது. சொந்த வீடு, அதுவும் பஜாரில் என்று ஷரீபுன்னிசா ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்த புண்ணியம் மருந்துக் கடைத் தளவாயைச் சேரும். கடைக்கு வந்து உட்கார்ந்தவர், மசூதிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் கேட்டாள்.

“குத்தாலிங்கத்துக்கு மூத்த மவ ஒருத்தி, பேராச்சின்னு பேரு. பன்னெண்டு வயசுல அந்த உள்ளறையிலதான் காச்சல்ல போயிட்டா. கலியாணம் ஆகாமப் போன புள்ள எங்கள்ல வீட்டுக் கன்னி. அவளுக்குப் புதுத்துணி, வளையல், கண்ணாடி எல்லாம் பெட்டியில வச்சுத் தொங்கவிட்டுக் கும்பிடுவோம். குறை வச்சா வீட்டுல இருக்க பொம்பளப்புள்ளையளத்தான் முதல்ல தொடுவா.”

“அப்ப ஏன் கொண்டு போகாம விட்டுட்டுப் போனாரு?” என்று கேட்டார் மசூது.

“அதைத்தான் பஜாரே கேக்குது” என்று சொல்லிவிட்டுத் தளவாய் எழுந்து போனார்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஷரீபுன்னிசா மகளைத் தேடி ஓடினாள். பெண்பிள்ளைகளைத்தான் தொடுவாள் என்ற ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு இருந்ததோ ஒரே பெண்பிள்ளை. அன்றைக்கே வீட்டை விற்றுவிடச் சொன்னாள். கையில் இருந்தது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் இந்தச் சுவர்களில் கொட்டியிருந்த மசூது, எங்கே போவது என்று திருப்பிக் கேட்டார். பள்ளிவாசல் ஆலிம்சாவை அழைத்து வந்து ஓதச் சொன்னார்கள். அவர் ஓதிவிட்டு, “இதுல ஒண்ணுமில்லம்மா. அவுத்துக் கொண்டுபோய் ஆத்துல விட்டுருங்க” என்று சொன்னார். மசூதும் தலையாட்டினார். நாளைக்கு அவிழ்த்துவிடுகிறேன் என்று அவர் எத்தனையோ நாளைக்குச் சொன்னார். ஆள் பயப்படுகிறவர் இல்லையாம். அந்த மூலைக்குப் போனால் மட்டும் அவருக்குக் கடையில் வேலை ஞாபகம் வந்துவிடும்.

ராத்திரியில் பயமில்லை, கணவரும் மகளும் பக்கத்தில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவளுக்கு யமன். ஜும்ஆவுக்குக் கடையடைத்துவிட்டு மசூது பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துத் தளவாயும் சாப்பிடப் போய்விடுவார், இடிசத்தம் நின்றுவிடும். வீடு முழுக்க நிசப்தம். அப்போதுதான் உள்ளறையில் கயிறு ‘கிரீச்’சென்று முனகுவது கேட்கும். சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்று கணவாய் வழியாக வந்து வீட்டுக்குள் புகுந்தால் எந்தக் கயிறும்தான் ஆடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மகளை இழுத்துக்கொண்டு முன்கடைக்கு ஓடி, துணிக்கட்டுகளுக்கு நடுவில் அவளை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கணவர் வந்து கடைப்பலகையைத் தட்டும்வரை ஓதிக்கொண்டிருப்பாள்.

“உம்மா, மூச்சு முட்டுது” என்று நூருன்னிசா திமிறுவாள். பிள்ளைக்குப் பயம் கிடையாது. அதுதான் தாய்க்கு இன்னும் பெரிய பயம்.

மறுவருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் குற்றாலச் சீசனோடு சேர்ந்து வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்த ஷரீபுன்னிசா முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நூருன்னிசா ஒரு பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு சாரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பச்சைப் பாவாடையே கிடையாது.

“ஏட்டி, இது எங்கன உள்ளது?”

“பெட்டியில இருந்துச்சு உம்மா. நெல்லுக் குதிர் மேல ஏறி எடுத்தேன். யாரும் உடுத்தாமச் சும்மாதானே கெடக்கு.”

மகளை அவள் அதுவரை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தாள், பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். பாவாடையின் கரை முழுக்கச் சேறு. சேறோடு திரும்ப வைக்க முடியாது, துவைத்துக் காயப்போட்டால் கணவர் கேட்பார். ஈரத்தோடு சுருட்டி விறகுக்குப் பின்னால் ஒளித்தாள். மசூதிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் பயந்துவிடுவார், பிறகு அந்த வீட்டில் பயப்படாத பெரிய ஆள் ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்று நினைத்தாளாம்.

பெருநாள் கழித்துக் குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போனார்கள். பேரருவியில் நனைந்து விளையாடிய நூருன்னிசா திரும்பி வரும்போதே நடுங்கினாள். ராத்திரிக்குள் உடம்பு அனலாகிவிட்டது. டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், பார்ப்போம் என்றார். டாக்டர்கள் ‘பார்ப்போம்’ என்று சொன்னால் தாய்மார்களுக்கு அது வேறு மாதிரி கேட்கும். காய்ச்சல் வேகத்தில் பிள்ளை உளறியது. “அந்த அக்காவுக்குக் குளிருது, பாவாடையைக் கேக்கா” என்று உள்ளறைப் பக்கம் கையைக் காட்டியது. ஷரீபுன்னிசாவுக்கு உயிர் பாதி அங்கேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மசூது பள்ளிவாசலுக்குப் போனார், தெரு ஓய்ந்தது. மகளுக்குப் பெருநாளுக்காகத் தைத்த ஊதாப் பாவாடையையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு ஷரீபுன்னிசா உள்ளறைக்குள் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள், நெல்லுக் குதிரின் விளிம்பைப் பிடித்து அதன்மேல் ஏறினாள். பெட்டியைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். கை தடவியதில் நாலு கண்ணாடி வளையல்களும் ஒரு சின்னச் சீப்பும் தட்டுப்பட்டன.

“ஒன் துணிய எம்மவ எடுத்துட்டா. தெரியாத புள்ள. அவ துணிய நீ எடுத்துக்க. எம்மவள விட்டுருட்டி” என்றாள். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தால் இறங்கியது என்பது டாக்டர் கருத்து. ஷரீபுன்னிசாவுக்கு வேறு கருத்து இருந்தது, அதை அவரிடம் அவள் சொல்லவில்லை. பெருநாள் துணி எங்கே என்று கேட்ட கணவரிடம் அருவித் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாள். அருவி எத்தனையோ பேர் துணியைக் கொண்டுபோயிருக்கிறது, மசூது நம்பிவிட்டார். பச்சைப் பாவாடையைத் துவைத்து, கடையநல்லூரில் கொடுத்தது என்று சொல்லி மகளுக்கே உடுத்திவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்பு. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை கொடுத்துப் பழக்கிவிட்டோமே, இந்த வருஷம் கொடுக்காவிட்டால்? கணவர் மகளுக்கு வாங்குவதோ ஒரே ஜோடி. அந்தப் புதுசைப் பெட்டியில் வைத்தாள், பெட்டியிலிருந்த போன வருஷத்து ஜோடியை எடுத்து மடிப்புப் பிரித்து மகளுக்குக் கொடுத்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கணவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாதென்று வருஷா வருஷம் அதே ஊதாவிலேயே எடுக்கச் சொன்னாள். பெருநாளுக்குப் பெருநாள் நூருன்னிசாவின் உடுப்பு ஒரு வருஷம் சின்னதாகவே இருந்தது. “அளவு எடுத்துத்தானட்டி தச்சோம், இவ என்ன பனமரம் மாதிரியா வளருதா?” என்று மனைவியிடம் கேட்டுவிட்டு மசூது தையல்காரரோடு சண்டைக்குப் போனார். ஷரீபுன்னிசா அடுக்களைக்குள் போய்விட்டாள். கணவருக்குப் பயந்தாள், செத்த பிள்ளைக்குப் பயந்தாள், இப்படிச் செய்வதற்கு அல்லாஹ் என்ன சொல்வானோ என்று அதற்கும் பயந்தாள். இத்தனை பயத்தோடு ஒரு மனுஷி சோறாக்கி, குழம்பு வைத்து, உப்புப் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்றால் அது பெரிய காரியம்தான்.

1964இல் நூருன்னிசாவுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹ் நாள் குறித்ததும் ஷரீபுன்னிசாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலியாணம் காணாமல் போனவள், கலியாணம் காண்கிற இவளை நல்லபடியாக அனுப்புவாளா? கூடவே வளர்ந்த மாதிரி ஆகிவிட்டதே, பிடித்து வைத்துக்கொண்டால்? உள்ளறைப் பக்கமே மகளை விடாமல் நாட்களைத் தள்ளினாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு மத்தியானம் குத்தாலிங்கத்தின் மனைவி பிச்சம்மாள் மதுரையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். தலை நரைத்துப் போயிருந்தது, கையில் ஒரு துணிப்பை. அவளைப் பார்த்த தளவாய் கடையை விட்டு இறங்கி ஓடி வந்து மசூதின் காதில், “உள்ள விடாதீரும். ஒரு தரம் கும்பிட விட்டா நாளைக்கு வீட்டுல பாத்தியதை இருக்கும்பாவ” என்றார். மசூது விழித்தார். ஷரீபுன்னிசாவுக்கு வீடு கைவிட்டுப் போகுமோ என்ற நினைப்பே இல்லை. பெட்டியில் நூருன்னிசாவின் துணி இருப்பது தெரிந்துபோய்த்தான் பிச்சம்மாள் வந்திருக்கிறாள், அவள் வாயால் ஒரு சாபச்சொல் விழுந்தால் மகள் தப்பமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. உள்ளே வரச் சொன்னாள்.

பிச்சம்மாள் உள்ளறை நிலைப்படிவரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

“சின்னவளுக்குக் கலியாணம் வச்சிருக்கு தாயி. மூத்தவளுக்குச் செய்யாம எப்படிச் செய்ய? அதான் வந்தேன்” என்றாள்.

“போங்கக்கா, உள்ள போங்க.”

“முடியலயே.” பிச்சம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க ஏன் வீட்ட வித்தோம் தெரியுமா? சின்னவளுக்கும் அதே மாதிரி காச்சல் வந்துச்சு. அக்காதான் கூப்பிடுதாளோன்னு பயந்துட்டேன். இருக்கவளக் காப்பாத்தணும்னு செத்தவள அம்போன்னு விட்டுட்டு ஓடிப்போனேன். பெத்தவ நான், எம்புள்ளையப் பாத்துப் பயந்து ஓடுனேன். ஒரு துணி, ஒரு வளையல் வைக்கல. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன்?”

ஷரீபுன்னிசாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் பாவாடையை எடுத்தது, காய்ச்சல், புதுசை வைத்தது, வருஷா வருஷம் பழசை எடுத்து மகளுக்கு உடுத்தியது. “தெரியாமச் செஞ்சிட்டேன்க்கா. எம்மவள சபிச்சிராதீங்க” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிச்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுத்த துணிய ஒங்க மவதான் உடுத்துனாளா?”

“ஆமாக்கா.”

“புதுச வச்சுட்டுத்தான் பழச எடுத்தீகளா?”

“ஆமா.”

“இதான தாயி கன்னிக்குச் செய்யது. புதுச வைக்கணும், பழச வீட்டுப் புள்ளைக்கு உடுத்தணும். நாங்களும் இதத்தான் செய்வோம்.” பிச்சம்மாள் நிலையடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “அவளுக்கு ஒரு குறையும் இல்லாமத்தான் இருந்திருக்கா.”

ஷரீபுன்னிசா குதிர்மேல் ஏறினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து பிச்சம்மாளின் முன்னால் வைத்தாள். பிச்சம்மாள் பையிலிருந்து அரக்குப் பட்டுப் பாவாடையை எடுத்தாள். எடுத்தவள் கை பெட்டிவரைக்கும் போய் நின்றுவிட்டது.

“நீங்களே வையுங்க. இத்தன வருசம் திரும்பிப் பாக்காதவ நான். என்னைய அவளுக்கு அடையாளம் தெரியாது. என்னையப் பாத்தா அவதான் பயப்படுவா.”

பட்டை வாங்கிப் பெட்டியில் வைத்த ஷரீபுன்னிசா மூடியைச் சாத்தவில்லை. பிச்சம்மாளின் கையை இழுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“பேராச்சி” என்றாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “ஒங்கம்மா வந்திருக்காட்டி. பயப்படாத, நானும் இங்கனதான் நிக்கேன்.”