வாயைக் கெடுத்துக்கொண்டதற்குத் தண்டனை

டிப்ளமோ முடித்த கையோடு, ஊர் சுற்றும் ஆசையில் ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடும் லாரி) ஏறியவன் நான். சத்தீஸ்கரில் ஒருநாள் ரசம் நாக்கில் தீயாக எரிந்தது. சமையல்காரரைத் திட்டினேன். மற்றவர்கள் அதே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கவளம் வாய்க்குள் நுழைய மறுத்தது. சொந்த ஊரான எருமப்பட்டிக்குத் திரும்பி, சேலத்தில் பல் மருத்துவரிடம் போனேன்.

"மூணு விரலைச் சேத்து உள்ள விடுங்க" என்றார். இரண்டுதான் போயின.

"பாக்குப் பொட்டலம் போடுவீங்களா?"

"வண்டியில எல்லாருமே போடுவோங்க."

சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (கன்னத்தின் உட்சதை நார் நாராக இறுகும் நோய்). இறுகியது முழுதாகத் தளராது. பாக்கை விட்டுவிட்டால் மேலும் இறுகாமல் பார்க்கலாம். விடாவிட்டால் புற்றுநோயிலும் முடியலாம். அன்றே விட்டேன். கன்னத்துக்குள் ஊசி போட்டார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, கண்ணீர் வரும்வரை வாயைத் திறந்து பழகினேன்.

வாய் கொஞ்சம் திறந்ததும் திருச்செங்கோட்டில் முதலாளியைப் பார்த்து வேலை கேட்டேன். அரிசி பருப்போடு பாக்குப் பொட்டலச் சரத்தையும் வாங்கி வண்டியில் போட்டது அவருடைய மேனேஜர்தான். ராத்திரி ஷிப்டில் ஆள் தூங்கக் கூடாதல்லவா.

"உன்னைய ஏத்துனா மத்தவனுக்கு எப்படிப் பயம் வரும்? இனிப் பாக்குப் போடறவனுக்கு என் வண்டியில எடமில்ல" என்றார் முதலாளி.

"விட்டுட்டனுங்க."

"வாயைக் கெடுத்துக்கிட்டது நீதான சாமி?"

ஆமாம், நான்தான். யாரும் என் வாயைப் பிளந்து போடவில்லை. அதற்கான தண்டனையைத்தான் ஒவ்வொரு கவளத்திலும் அனுபவிக்கிறேனே, அதற்கு மேல் இன்னொன்று எதற்கு? வாங்கிக் கொடுத்தவருக்கு ஒரு அதட்டல்கூட இல்லை.

போன வாரம் கார்த்தி போனில் கூப்பிட்டான். அதே வண்டியில் இன்னமும் இருப்பவன்.

"மாப்ள, எனக்கும் காரம் எரியுதுடா."

"நாளைக்கே டாக்டரைப் பாரு."

"பாத்தா மொதலாளிக்குத் தெரிஞ்சிரும். தீவாளிக்கு ஊட்டுக்கு வாரேன், அப்பப் பாக்கலாம்."

"பாக்கை விட்டுட்டயா?"

"ஒளிச்சு வெச்சுப் போடறோம்டா. நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

முதலாளி கேட்ட பயம் வந்துவிட்டது.

காரம் எரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள் என்று உங்களுக்கு எழுதுவது எளிது. கார்த்தியிடம் தினமும் சொல்கிறேன். போனால் அவனுக்கு வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குக் கொட்டாவி பாதியில் நின்றுவிடுகிறது. தீபாவளி அதற்குள் வரப்போகிறதே என்கிறார்கள் வீட்டில். எனக்கு நாள் நகரவே இல்லை. அதுவரை கார்த்தியின் கன்னம் காத்திருக்காது.