இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கை

வலது முழங்காலுக்கு மேலே தசை பிடித்துக்கொண்டு, படி ஏற முடியாமல் தவித்த ஒரு வாரத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அந்த மசாஜ் கடைக்குப் போனேன். பார்வையற்றவர்கள் நடத்தும் கடை அது. எனக்குப் பிடித்துவிட வந்த பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தொடையில் இரண்டு முறை கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டுவீங்களா அக்கா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செராஸிலிருந்து உலு லங்காட் பக்கம் போவேன் என்றேன்.

"சீட்டு தாழ்வா இருக்கும்னு நெனைக்கிறேன். கொஞ்சம் ஏத்தி வச்சுப் பாருங்க."

இருக்கையை ஒரு விரற்கடை உயர்த்தினேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. சொல்லிவிட்டு வரலாம் என்று மறுபடி போனபோது, அவர் ஒன்று கேட்டார்.

"ரெண்டு பேரு சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் இருக்காமே. பின்னால உக்கார்றவங்க ஹேண்டல் திருப்ப வேணாமாம். உங்களுக்குக் கெடைக்குமா?"

சுங்கை பூலோவில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடையில் அப்படி ஒன்று வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் கடைக்காரர் தூசி தட்டி, செயின் மாற்றிக் கொடுத்தார். யாராவது ஓட்டினால் சரி என்றார்.

செராஸில் காலியாகக் கிடந்த ஒரு கார் நிறுத்துமிடத்தில் பழகினோம். முதல் நாளே விழுந்தோம். அவர் எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்ப யாரு மொதல்ல கால எடுத்தது?"

"நான்தான்."

"இனிமே சொல்லிட்டு எடுங்கலா."

அன்று முதல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். குழி, கியர், வளைவு, மிதிப்பதை நிறுத்தவேண்டிய இடம், எல்லாம். தனியாகவே ஓட்டிப் பழகிய எனக்கு அதுதான் மிதிப்பதைவிடக் கடினமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மலை ஏறலாம் என்று அவர்தான் சொன்னார். ஞாயிறு விடியலில் உலு லங்காட் மலையடிவாரத்தில் இருக்கும் பதினெட்டாங்கட்டையிலிருந்து கிளம்பினோம். கொஞ்ச தூரம் ஆற்றுச் சத்தம் கூடவே வந்தது. பிறகு சாலை செங்குத்தாகக் காட்டுக்குள் ஏறியது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக எங்களைக் கடந்து போனார்கள். "மார்னிங் ஆன்டி" என்று ஒவ்வொருவரும் சொல்ல, அவர் ஒருவரையும் விடாமல் பதில் சொன்னார்.

எனக்கோ மூச்சு வாங்கியது. இரட்டைச் சைக்கிளில் இரண்டு ஜோடி பெடலும் ஒரே செயினில் இணைந்திருக்கும். என் கால் ஓய்ந்துபோனாலும் பெடல் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் கால்கள் அவருடையவை.

அவர் சோர்ந்துவிடக்கூடாது என்று, "இன்னும் கொஞ்சந்தான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னதும் அவர் மிதித்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, எனக்கு மேடு தெரியாது. நீங்க சொல்றதுதான் தெரியும். கொஞ்சம்னு சொன்னா இருக்கற பலத்தையெல்லாம் போட்டுருவேன். உண்மையைச் சொல்லுங்க."

எனக்கு முகம் சுட்டது. "பாதிகூட வரல" என்றேன்.

"சரி. அப்ப மெதுவாப் போலாம்."

அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. கால்களின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். அந்த வேகத்திலேயே ஒரு இடத்திலும் இறங்காமல் மேலே போய்ச் சேர்ந்தோம். உச்சியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்க காத்து வேற மாதிரி இருக்கு" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

இறக்கத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு பேரின் எடையோடு வண்டி இழுத்துக்கொண்டு ஓடியது. வளைவுக்கு வளைவு பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். என் குரல் நின்றுபோனது எனக்கே தெரியவில்லை.

"அக்கா, பேச மாட்டேங்கிறீங்க. ரப்பர் வாசனை வேற வருது. பயமா இருக்கா?"

"ஆமா."

"அப்ப நிறுத்துங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

சாலையோரம் நிறுத்தினேன். சக்கரத்தின் விளிம்பைத் தொட்டால் சுட்டது. என் விரல்கள் பிரேக் பிடித்த மேனிக்கே மடங்கி நின்றன. அவர் என் கைகளை வாங்கி, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு விரலாக நீவி விட்டார். லோரி ஒன்று முனகிக்கொண்டு மேலே ஏறிப் போனது. சக்கரம் ஆறியதும் கிளம்பி, இரண்டு வளைவுக்கு ஒரு முறை நின்று நின்று இறங்கினோம். அப்படி நிற்பதில் அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் இருக்கவில்லை. எனக்கும் போய்விட்டது.

கீழே நாசி லெமாக் சோறு விற்கும் கடையில் பரிமாறிய அம்மா, அவருக்குக் குடிக்க என்ன வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே மலாயில், தேநீர், சீனி குறைவாக, என்றார். இன்னொரு சோற்றுப் பொட்டலமும் கேட்டார்.

இப்போது அவரோடு ஓட்ட இன்னொருவரும் வருகிறார், கிள்ளானிலிருந்து வரும் லோரி ஓட்டுநர். திடகாத்திரமானவர். அவர்கள் இருவரும் முதல் முறை மலை ஏறி இறங்கிய அன்று மாலை, எப்படி இருந்தது என்று இவருக்கு ஃபோன் செய்து கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை இருந்தது.

"உங்களவிட ரொம்ப வேகம் அக்கா. நல்லா இருந்துச்சு."

"அடுத்த வாரம்?"

"அவரோட. அதுக்கு அடுத்த வாரம் உங்களோட. ஃப்ரீயா இருப்பீங்கதானே?"

இருப்பேன் என்றேன். என் மனம் கோணாமல் இருக்க அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படிப் பேசக்கூடியவர்கள் மிகச் சிலர்தான். இருவரும் சேர்ந்து அந்த ஞாயிறு மழை எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்தோம்.