பெருகு, பெருகு

பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்ற கறிவேப்பிலை என் தாய் வீட்டுக் கறிவேப்பிலை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு நாங்கள் கிளம்பிய அன்று, அம்மா கிணற்றடிக்குப் போய், பெரிய செடியின் வேரில் முளைத்திருந்த இரண்டு கன்றுகளை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். ஒன்று போனாலும் ஒன்று பிழைக்கட்டும் என்றுதான் இரண்டாகக் கொடுத்தாள். எங்கள் ஊரில் அம்மாவுக்குக் கைராசிக்காரி என்று பேர். ஒடித்த குச்சியை அவள் நட்டால் துளிர்க்கும் என்பார்கள். நடவின்போது முதல் நாற்று முடியை அவள் கையால் வைக்கச் சொல்லிப் பக்கத்துக் கழனிக்காரர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்தக் கை எனக்கும் வந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு வேறு சாட்சி கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் குடியேறியது ஓடு போட்ட வரிசை வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு மண். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னங்கீற்றுத் தட்டி. பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள், என்னைவிடச் சின்னவள். புருஷனுக்கு எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி ஷெட்டில் வேலை. நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோதே ஒரு குடம் தண்ணீரும், அடுப்பு மூட்டக் கரண்டியில் நெருப்பும் கொண்டுவந்து வைத்தாள். வெறும் கையோடு அனுப்பக் கூடாதே என்று ஒரு கன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நல்ல மனசோடுதான் கொடுத்தேன். எங்கள் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்குத் தெரியும்.

ஒரே தாய்ச் செடி, ஒரே சாக்கு, ஒரே நாளில் நட்டது. ஒரு வருஷம் போனதும் அவள் வீட்டுக் கன்று தட்டியைத் தாண்டிவிட்டது. என்னுடையது முழங்கால்கூட வரவில்லை. நாலு இலை விட்டால் மூன்று மஞ்சளாகிக் கொட்டும்.

அவள் வீடே அப்படித்தான். என் வீடும் அவள் வீடும் ஒரே அளவு, ஒரே ஜன்னல். அவள் ஒரு பழைய வாயில் சேலையைக் கிழித்து, ஓரத்தில் பச்சை நூலால் கிளி போட்டுத் திரை கட்டியிருந்தாள். காற்றடித்தால் கிளி பறக்கும். மரத்தூள் அடுப்பைச் சாணியால் மெழுகி அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னதாக இழைக்கோலம். காலி வனஸ்பதி டின்களுக்கு நீலப் பெயிண்ட் அடித்து வாசல் ஓரத்தில் பட்டுரோஜா வைத்திருந்தாள். கனகாம்பரம், காசித்தும்பை, சமையலறைக் கூரைமேல் அவரைக்கொடி. கம்பெனிப் புகையில் கரித்தூள் பறந்து எல்லார் வீட்டுச் செடியும் சாம்பல் பூத்துக் கிடக்க, அவளுடைய செடி மட்டும் தலை குளித்த பெண் மாதிரி நிற்கும்.

நானும் திரை கட்டினேன். கல்யாணத்துக்கு வந்த ஒரு சேலையைக் கிழித்துத்தான் கட்டினேன். கிளி போடத் தெரியாததால் பூ போட்டேன். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"இன்னாடி இது, ஜன்னலுக்குப் பாவாட கட்டி வுட்டுக்கிற?"

"அந்த ஊட்ல கட்டிக்கினா மட்டும் நல்லாக்கீதா?"

"அது கிளி. இது இன்னா, தோசையா?"

அன்றைக்கு நான் அவருக்குத் தோசைதான் வார்த்தேன். கறிவேப்பிலை போடாத சட்னி.

"உங்க அம்மா குடுத்த செடின்னு பேருதான். கறுவேப்பல கடையில வாங்கினுக்கிறோம். அந்த ஊட்டாண்ட போனா தாளிக்கிற வாசன தெருக்கோடி வரைக்கும் வருது."

"அதுவும் எங்க அம்மா குடுத்ததுதான்!"

"அதான், உங்க அம்மா மானம் அந்தப் பொண்ணு கையில பூந்து தப்பிச்சிக்கிச்சி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இதைவிட ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் அவள் ஒரு கொத்து ஒடித்துத் தட்டிக்கு மேலே நீட்டுவாள். "அக்கா, மீ அம்மா ஊட்டுக் கறிவேப்பாக்கு!" என்பாள், உங்கள் அம்மா வீட்டுக் கறிவேப்பிலையாம். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். என் அம்மாவின் இலையை நான் கை நீட்டி வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்ல வேண்டும். அந்தக் கொத்தை ரசத்தில் போட்டால் வாசனை தூக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் செடிக்கு என்ன செய்கிறாள் என்று தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்ததுண்டு. காலையில் சொம்பில் எதையோ ஊற்றுவாள். வெள்ளையாகத் தெரிந்தது. அரிசி கழுவின தண்ணீர் என்று நினைத்தேன். அதை நானும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அம்மா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தோட்டத்தைத்தான் பார்ப்பாள்.  அவள் கை எனக்கு வரவில்லை என்பதை அவளே வந்து பார்க்கப் போகிறாள். வீரராகவர் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைப்பதாக வேண்டிக்கொண்டேன். பிறகு வேறு வழியில்லாமல் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு ஒரு நாள் காலையில் தட்டியருகே போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இந்தச் செடிக்கு நீ இன்னாதான் பண்ற?"

வாசலில் அவள் புருஷன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தான், சாப்பாட்டுத் தூக்குக்காக. அவள் அவசரமாக உள்ளே ஓடிக்கொண்டே திரும்பி, "பெருகு அக்கா, பெருகு! ரோஜு பெருகு!" என்றாள். சொல்லும்போது கையைச் செடிக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினாள், பெரியவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுவார்களே, அந்த மாதிரி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுதானா? தினமும் செடியைப் பார்த்துப் பெருகு, பெருகு என்று வாழ்த்துகிறாள். வாக்குக்குப் பலிக்கும் சக்தி உண்டு என்பது நான் நம்பிய விஷயம்தான். எனக்கு நைனா, டப்பு, ரோஜு என்றால் தினம், இப்படிச் சில தெலுங்கு வார்த்தை தெரியும். இதில் தெரியாத வார்த்தை ஒன்றுமில்லையே. சுத்தமான தமிழில்தானே சொல்கிறாள்!

மறுநாளிலிருந்து விடியலில் குளித்து, ஈரத் தலையோடு செடிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, இலையில் படிந்த கரியை ஈரத் துணியால் துடைத்து, கை கூப்பிப் "பெருகு, பெருகு" என்று சொல்ல ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமையில் கற்பூரமும் காட்டினேன். முதல் வாரத்தில் ஒரு துளிர் விட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் அது சுருண்டது. என் பக்தியில்தான் குறை என்று நினைத்து, சொல்வதைக் கூட்டினேன்.

அம்மா மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தாள். முருங்கைக்காய்க் கட்டையும் வெங்காயப் பையையும் கூடத்தில் வைத்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்பக்கம் போனாள். மஞ்சளும் குங்குமமுமாக நின்ற குச்சியைச் சுற்றி வந்தாள்.

"இன்னாடி இது, சூலம் நட்டு வெச்சிக்கிறியா?"

"கன்னும்மா. நீ குடுத்தது."

அம்மா குனிந்து அடிமண்ணை விரலால் கிளறிப் பார்த்தாள். தலையைத் தூக்கித் தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அது யாரு ஊட்டுது?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது. "அம்மா! வந்துட்டியா? மீ செட்டுதான் அம்மா! உன்னுதுதான்! வா, வந்து பாரு!"

அம்மா போனாள். வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். அங்கே புளியஞ்சாதம் சாப்பிட்டிருந்தாள். "அடுப்பாண்ட கூட கோலம் போட்டு வெச்சிக்கீது பொண்ணு. கையின்னா அது கை" என்றாள். என் அம்மா. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் காலையில், அம்மா எழுந்திருக்குமுன் முடித்துவிடலாம் என்று செடியின் முன்னால் நின்று கை கூப்பினேன். "பெருகு, பெருகு" என்று பாதி சொல்லியிருப்பேன்.

"யாராண்டடி பேசினுகிற?"

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். மறைக்க முடியவில்லை. "அவதாம்மா சொல்லிக் குடுத்தா. தெனம் பெருகு பெருகுன்னு சொல்லணுமாம்."

தட்டிக்கு அப்பால் சொம்பு விழும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டே, கீற்றை விலக்கிக் கையை நுழைத்துச் சொம்பைக் காட்டினாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. புளித்த வாடை மூக்கில் ஏறியது.

"அக்கா, இதி பெருகு! தயிரு அக்கா, தயிரு! புளிச்சா தண்ணி கலந்து ஊத்துறது. ரோஜு ஊத்துன்னு சொன்னா நீ பூஜை பண்ணினுகிறியா!"

தயிர்க்காரி எங்கள் தெருவில் தயிர், தயிர் என்றுதான் கூவுவாள். அவர்கள் பேச்சில் அதற்கு என்ன பேர் என்று நான் எதற்குக் கேட்டிருக்கப் போகிறேன்?

அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவிலேயே சிரிப்பு நின்றது.

"நம்ம ஊட்ல மோர்ப்பான கழுவுற தண்ணி கெணத்தாண்ட பெரிய செடிக்குத்தான போய்க்கினு இருந்துச்சி" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

நான் விடுவேனா? "அப்ப உன் கைராசி?"

"ஏன், கை இல்லாம மோர்ப்பான தானா கழுவிக்கிச்சா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

கூழ் ஊற்றி, பம்பை அடங்கி, அம்மா ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் வந்த காரணத்தைச் சொன்னாள். அப்பா கிணற்றை அகலப்படுத்தியபோது கரை சரிந்து பெரிய செடி வேரோடு உள்ளே போய்விட்டதாம். "உன்னாண்ட ஒரு கன்னு எடுத்துக்கினு போவலாம்னுதான் வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு என் குச்சியைப் பார்த்தாள். அதன் அடியில் கன்று ஏது?

பக்கத்து வீட்டுக்காரிதான் தன் செடியடியில் முளைத்திருந்த கன்றைத் தோண்டிக் கொடுத்தாள். வேர் அறாமல், மண்ணோடு, அம்மா பெயர்க்கிற மாதிரியே பெயர்த்தாள். ஈரத்தில் சுற்றச் சாக்கு வேண்டும் என்றார்கள். சாக்கு மட்டும் நான் கொடுத்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் கையாட்டினாள். யாரைப் பார்த்து அதிகம் ஆட்டினாள் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே புளித்த மோர் ஊற்றினேன். ஐப்பசி மழைக்குள் செடி இடுப்பளவு வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "பரவால்ல, கடைக்காரன் பொழைக்க மாட்டான்" என்றார். தை அமாவாசைக்குக் குளத்துக்குப் போய் வெல்லமும் கரைத்துவிட்டு வந்தேன். வேண்டுதல் வேண்டுதல்தான், தயிரை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் பெருமாள்தானே. ஆனால் சொல்லை நான் விடவில்லை. ஊற்றும்போதே "பெருகு, பெருகு" என்று கை கூப்பிச் சொல்வேன். மோர் அவளுடைய வித்தை, இருக்கட்டும். இந்தச் சொல் என்னுடையது. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தட்டிக்கு அந்தப் பக்கம் வழக்கமான சொம்புச் சத்தத்துக்குப் பிறகு ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. இடுக்கில் பார்த்தேன். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்து, செடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கை கூப்பி நிற்கிறாள்.

"பெருகு, பெருகு."

"இன்னாம்மா, நீயுமா?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "எங்க பேச்சுல வளர்றதுக்கும் பெருகுன்னுதான் சொல்றது அக்கா. தயிரும் அதே, வளர்றதும் அதே. இத்தினி நாளு எனக்குத் தோணவே இல்ல பாரு. நீ சொன்னப்புறம்தான் தோணுச்சி." சொல்லிவிட்டு ஒரு கொத்து ஒடித்து நீட்டினாள். என் செடியில் இலை இருக்கிறது என்று தெரிந்தும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் அவள் செடி பூத்து, காய்த்து, கரிய பழத்துக்குக் குயில் வந்து உட்கார்ந்தது. என் செடிக்கு ஒரு காக்காய்கூட வரவில்லை.

அதிலிருந்து நான் முணுமுணுப்பதை விட்டேன். காலையில் மோரை ஊற்றிவிட்டு, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொல்வேன். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வார்த்தை போகிறது. எது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பெருமாளுக்குத் தெரிய வேண்டாமா?